நல்லம்மாளின் வெள்ளையணுக்கள்

மூக்குக்கண்ணாடியை அங்கவஸ்திரத்தின் நுனியால் துடைக்கிறீர்களே சதாசிவம் அண்ணே, அது கண்ணாடிக்கு ஆகாது. துணியில் ஒட்டியிருக்கும் மண் கீறிவிடும். ஒரு பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, நடுவில் தொடங்கி ஓரத்துக்குத் துடைத்து, வாயால் ஊதாமல் அப்படியே காயவிட வேண்டும். கண்ணாடி துடைத்தே சோறு தின்றவன் நான், சொன்னால் கேளுங்கள்.

அண்ணே என்று கூப்பிடுவதில் வருத்தமில்லையே. நீங்கள் ஈப்போ போலீஸில் துபாஷி, நான் பிடிபட்டவன். இருந்தாலும் இந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். ஜன்னலோரம் சுருட்டுப் பிடிக்கும் துரைக்கு நான் பேசுவது கூரையில் மழை பெய்கிற மாதிரி. அதனால் எழுத்துத் தமிழிலேயே நிதானமாகச் சொல்கிறேன். இங்கிலீஷாக்க உங்களுக்கு வசதியாக இருக்கும்.

பெயர் பெர்னார்ட். சுங்காய்க்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். புண்ணுக்கு மருந்து வைப்பேன், காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பேன், ரத்தம் எடுத்துச் சோதிப்பேன். நல்லம்மாளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், வருகிறேன். அதற்கு முன்னால் ரத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என்னைப் பொல்லாதவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

நீங்கள் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்ததுண்டா? இல்லையா? பாவம் அண்ணே நீங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடிச் சில்லில் மெல்லிசாகத் தேய்த்து, நீலமும் சிவப்பும் கலந்த சாயத்தை ஊற்றி, மழைத்தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் பார்க்க வேண்டும். எங்கு பார்த்தாலும் சிவப்பணு. அவர்கள் கூலி ஜனம். மூட்டை சுமப்பார்கள், சாவார்கள், புதிதாக ஆள் வரும். நடுவில் எங்கோ ஒன்றிரண்டு வெள்ளையணு. அவர்கள் துரைமார். ஆயிரம் பேருக்கு ஒருவர், ஆனால் ஆட்சி அவர்களுடையது. இந்த வரியை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம், சுருட்டு அணைந்துவிடும்.

அந்தத் துரைமாரில்தான் எத்தனை ஜாதி. வயிற்றில் பூச்சி இருப்பவன் ரத்தத்தில் செக்கச்செவேல் என்று மணி மணியாக நிறைந்த ஒரு வகை கூடிவிடும். மாதுளை முத்து மாதிரி இருக்கும். நிமோனியா என்றால், கரு நாலைந்து துண்டாகப் பிளந்த வகை படையெடுத்து வரும். கக்குவான் இருமல் குழந்தைக்கு உருண்டையான குட்டித் துரைமார் பெருகுவார்கள். டைபாய்டு வந்தால் எல்லாரும் எங்கோ ஒளிந்துகொள்வார்கள். மலேரியாக்காரனின் பெரிய வெள்ளையணுவைப் பார்த்தால் சிரிப்பு வரும், வயிறு முழுக்கக் கரி தின்றிருக்கும். நான் கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போகாமலேயே எந்த வீட்டில் யாருக்கு என்ன என்று சொல்வேன். ஒரு தடவை கங்காணியிடம், "உங்க மாமியாருக்குப் பூச்சி மருந்து குடுங்க" என்றேன். அவர் ஒரு மாதம் என்னைக் கண்டால் வேறு வழியில் போனார்.

இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் டாக்டர் துரை. நல்ல மனிதர், கெட்டிக்காரர். வாரத்துக்கு ஒரு நாள் காரில் வருவார். அவரிடம் ஒரு பழைய ஸ்லைடு இருந்தது. படித்த காலத்தில் தன் ஊரிலிருந்து கொண்டுவந்தது. லுக்கீமியா என்கிற நோய் கண்டவனின் ரத்தம். கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை அதை எனக்குக் காட்டுவார். சாயம் மங்கி, சாம்பல் பூத்துப்போன ஸ்லைடு. அதிலேயே என் உடம்பு சிலிர்த்தது. துரைமார் ஒருவர் இருவர் இல்லை, கூட்டம், கும்பல். எலும்புக்குள் இருக்க வேண்டிய பிஞ்சு அணுக்களெல்லாம் வாசல் தாண்டி ஓடி வந்திருந்தன. "இதை இந்த நாட்டில் நீ பார்க்கவே போவதில்லை, பெர்னார்ட்" என்றார். அவர் சொன்னால் எல்லாம் சரியாக இருக்கும். இது ஒன்றில் தவறிவிட்டார்.

பெருவெள்ளம் வந்ததே, இருபத்தாறு கடைசியில், அது வடிந்த பிறகு தோட்டம் முழுக்கக் காய்ச்சல். எல்லாரிடமும் ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். அப்போதுதான் நல்லம்மாள் வந்து நின்றாள்.

பால்மரம் வெட்டி ரப்பர் பால் இறக்குகிறவள். கட்டை குட்டையான உருவம், பெரிய சிரிப்பு. அவள் ஆஸ்பத்திரி வாசலில் சிரித்தால் பின்கட்டில் படுத்திருக்கும் நோயாளி எழுந்து உட்காருவான். கல்யாணமாகி வெகு காலமாகப் பிள்ளை இல்லை. புருஷன் சன்னாசி, வாயில்லாப் பூச்சி. ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு வருஷா வருஷம் காவடி எடுத்துப் பிள்ளை வரம் கேட்டுக்கொண்டிருந்தான். நான் ஊசியை எடுத்ததும் அவள் சொன்னாள்:

"மெதுவா, டிரசர் ஐயா. நான் தெனம் மரத்தக் குத்துறேன்னு, மரத்துக்குப் பதிலா நீங்க என்னயக் குத்துறீங்களா?"

நானும் சிரித்தேன். அவளை எனக்குப் பிடிக்கும், அண்ணே. அதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவள் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது, வேறு மாதிரி ஆசையும் கிடையாது. கொலை செய்யாதே என்கிற ஐந்தாம் கட்டளையும் தெரியும், விபசாரம் செய்யாதே என்கிற ஆறாம் கட்டளையும் தெரியும்.

மத்தியான வெளிச்சத்தில் அவள் ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். முதலில் சாயம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இன்னொன்று தேய்த்துப் பார்த்தேன். தைப்பூசத்தன்று கல்லுமலை அடிவாரம் எப்படி இருக்கும், அப்படி. பெரியது, சின்னது, சிவப்பு மணி போட்டது, கருநீல மணி போட்டது, முதிர்ந்தது, அரைக்காய், பிஞ்சு, எல்லா வயதும் எல்லா ஜாதியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு. கூலி ஜனம் ஓரத்தில் ஒதுங்கி நின்றது. கதவைச் சாத்திவிட்டு அந்த அறைக்குள் ஒரு சுற்று ஆடினேன். மருந்து அலமாரி இடித்து முழங்கை வீங்கியது. வலிக்கவே இல்லை.

மறுநாள் அவளை வரச்சொல்லி வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். இடது விலாவுக்கு அடியிலிருந்து தொப்புள்வரை இறங்கியிருந்தது. கல் மாதிரி கெட்டி, ஓரத்தில் ஒரு வெட்டு. மண்ணீரல். மலேரியா ஊரில் வீங்கிய மண்ணீரல் தெருவுக்குப் பத்து. அதனால் யாரும் அதைப் புதிதாகப் பார்க்க மாட்டார்கள், ஒருவரைத் தவிர. டாக்டர் துரை மாதத்துக்கொரு முறை, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் ஜனங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் வயிற்றிலும் கைவைத்துப் பார்ப்பார். பெரிதாக இருந்தால், "ரத்தம் எங்கே, காட்டு" என்பார். ஒரு பார்வை போதும் அவருக்கு. உடனே பாட்டிலை எடுக்கச் சொல்லுவார்.

அந்தப் பாட்டில் எங்கள் அலமாரியிலேயே இருந்தது. பாஷாணம் கலந்த சொட்டு மருந்து. லுக்கீமியாவைக் குணமாக்காது. ஆனால் வெள்ளையணுக்களைக் குறைக்கும், மண்ணீரலைச் சுருக்கும், ஆளை எழுப்பி நடக்க வைக்கும். இரண்டு மூன்று வருஷம் தள்ளிப்போடலாம் என்று டாக்டர் துரையே சொல்லியிருந்தார். குறைக்கும் என்கிற வார்த்தையைக் கவனியுங்கள், அண்ணே. கர்த்தர் என் கையில் ஒரு திருவிழாவைக் கொடுத்திருக்கிறார், அதற்குக் கொடியேறின மறுநாளே கொடியிறக்க வேண்டுமா?

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். முழுகாமல் இருக்கிற பெண்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பிள்ளைத்தாச்சி வயிற்றில் ஆண்பிள்ளை கைவைக்கக் கூடாது என்று பெண்கள் ஒரு தடவை வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டார்கள். டாக்டர் துரை வாக்குக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து அவர்களுக்கென்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தனி வாங்கு. அதில் உட்கார்ந்தால் அரை நேர வேலை, டின் பால் உண்டு, யாரும் தொட மாட்டார்கள். நல்லம்மாளுக்கும் சில மாதமாகத் தூரம் வரவில்லை. ரத்தம் கெட்டால் அப்படி நின்றுபோகும். வயிறு இருக்கிறது, தூரம் நின்றிருக்கிறது, பத்து வருஷமாகக் கேட்ட வரம் இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் லயத்தில் என்ன பேச்சு எழும் என்று உங்களுக்கே தெரியும். அவள் அந்த வாங்கில் போய் உட்கார்ந்தாள். நான் எழுப்பவில்லை.

அந்த வாங்கில் அவள் உட்கார்ந்திருந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலை ஆட்டிக்கொண்டு, டின் பாலை உறிஞ்சிக்கொண்டு, ராணி மாதிரி. போகிறவர் வருகிறவரையெல்லாம் வம்புக்கு இழுப்பாள். கங்காணியைப் பார்த்து, "அண்ணே, எனக்குப் புளிச்ச மாங்கா வேணும், பறிச்சிட்டு வாங்கலா" என்பாள். அந்த மனிதரும் போய்ப் பறித்துவந்தார். தோட்டமே அவளுக்காகக் குஷியாக இருந்தது. எனக்கும் குஷி. வாரத்தில் இரண்டு மூன்று தடவை ஒரு சொட்டு எடுப்பேன். "புள்ளைக்கு நல்லதாய்யா?" என்பாள். விரலைத் தானே நீட்டுவாள்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது மனசு கேட்கவில்லை. பாட்டிலை எடுத்தேன். பாலில் சொட்டு விட்டு, அளவாகக் கூட்டிக் கூட்டி, சில வாரம் கொடுத்தேன். வேலை செய்தது, அண்ணே. நன்றாகவே செய்தது. முகத்தில் களை வந்தது, சோறு கேட்டுச் சாப்பிட்டாள், லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு நிற்காமல் நடந்துவந்தாள். மைக்ராஸ்கோப்பில் கூட்டம் கலைந்துவிட்டது. கோயில் திடலில் விடிந்ததும் வாழைமட்டையும் செருப்பும் கிடக்குமே, அப்படி அங்கொன்றும் இங்கொன்றும். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆனால் மருந்தை நிறுத்தச் சொன்னது நான் இல்லை. அவள்தான். ஒரு நாள் வந்து வாங்கில் உட்காராமல் நின்றுகொண்டே அழுதாள்.

"ஐயா, வயிறு வத்துது. பாவாடை நாடாவ இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கு. புள்ள கரையுதாய்யா? நீங்க குடுக்குற மருந்து சூடா? வேணாங்கய்யா. எனக்கு மூச்சு வாங்குனா வாங்கட்டும்."

நோயாளியே கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்கிறாள். நான் என்ன செய்ய? நிறுத்தினேன். வயிறு மறுபடி ஏறியது, அவள் முகம் மலர்ந்தது, என் ஸ்லைடும் மலர்ந்தது. அந்த மாதம் எங்கள் மூன்று பேருக்குமே நல்ல மாதம், சன்னாசியையும் சேர்த்துக்கொண்டால் நான்கு. மூன்று என்று சொன்னது, வயிற்றில் இருந்ததையும் சேர்த்து.

வளைகாப்பு வைத்தார்கள். நல்ல கூட்டம். எங்கள் வேதக்காரக் குடும்பங்களும் போயிருந்தோம். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, எல்லாம் வாழையிலையில். பெண்கள் பாட்டுப் பாடி, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். பச்சையும் சிவப்பும். சன்னாசி தூண் மறைவில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பல் இருப்பதையே தோட்டம் அன்றுதான் பார்த்தது. நான் சுங்காய் பாசாரில் ஒரு ஜோடி வளையல் வாங்கிப்போயிருந்தேன். போட்டுவிட்டபோது பார்த்தேன், பழைய வளையல் பட்ட இடமெல்லாம் கருநீலமாகக் கன்றியிருந்தது. பெண்கள், "வளையல் இறுக்கம்டி" என்றார்கள். இறுக்கம் இல்லை. ரத்தம் நிற்கும் சக்தி போய்விட்டது. நான் மனசுக்குள், அடுத்த கட்டம் வருகிறது என்று சொல்லிக்கொண்டேன். பாயசம் பிரமாதம். இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.

இந்த இடத்தில்தான் மாரியம்மா குறுக்கே வந்தாள். தோட்டத்து மருத்துவச்சி. அவள் நல்லம்மாள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"ஐயா, இது புள்ள இல்ல. புள்ளைன்னா ஒதைக்கணும், தல தட்டுப்படணும். இது வெளிம்பு வச்ச கல்லு மாரி கெடக்கு."

"அக்கா, உனக்கு வயசாச்சு, கை மரத்துப்போச்சு" என்றேன்.

"எங்கை மரத்தா எங்கிட்ட சொல்லும்" என்று சொல்லிவிட்டு, டாக்டர் துரை கார் வந்து நின்றதும் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் துரைக்குத் தமிழ் 'வா, போ, வாயைத் திற' வரைக்கும்தான். அவர் என்னைப் பார்த்தார். இடையில் நிற்கிறவனின் சுகம் உங்களுக்குத் தெரியும், அண்ணே. ஒருவர் வாயிலிருந்து ஒன்று வரும், இன்னொருவர் காதுக்கு நாம் கொடுப்பதுதான் போய்ச் சேரும். "பிள்ளைத்தாச்சி வெளுத்திருக்கிறாள் என்று மருத்துவச்சி கவலைப்படுகிறாள்" என்றேன். பொய் இல்லை, அவள் வெளுத்துத்தான் இருந்தாள். அவர் வாங்குக்கு வந்து, கொடுத்த வாக்குப்படி வயிற்றைத் தொடாமல், கண் இமையை மட்டும் கீழே இழுத்துப் பார்த்தார். புருவம் சுருங்கியது. "ரத்தம் எடு, நானே பார்க்கிறேன்" என்றார்.

அவர் கண் முன்னால்தான் அவள் விரலைக் குத்தினேன். சாயம் போட உள்ளே போனேன். மேசை மேல் நல்லம்மாளின் ஸ்லைடு, பக்கத்தில் என் சுண்டுவிரல். ஒரு நொடி யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஊசி தானாகப் போய் என் விரலில் இறங்கியது. அவளுடையதைச் சட்டைப் பைக்குள் போட்டேன், என்னுடையதைச் சாயத்தில் போட்டேன்.

டாக்டர் துரை நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். "அருமையான ரத்தம். ஆனால் வயிற்றில் பூச்சி இருக்கிறது. சிவப்பு மணிக்காரர்கள் அதிகம். பிரசவம் ஆனதும் பூச்சி மருந்து கொடு" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊரார் பூச்சியையெல்லாம் கண்டுபிடித்தவன், என் வயிற்றில் இருந்ததைப் பார்க்கவில்லையே. அன்றே மருந்தை வாங்கிக் குடித்தேன். நாள் முழுக்கக் கொல்லைக்கும் வீட்டுக்கும் நடந்தேன், நடந்துகொண்டே சிரித்தேன். அவர் போகும்போது ஒரு தரம் திரும்பி வாங்கைப் பார்த்தார். முகம் ஒன்று சொல்கிறது, கண்ணாடி இன்னொன்று சொல்கிறது. கண்ணாடியை நம்பு என்று எனக்குப் பாடம் சொன்னவர் அவர். தானும் அப்படியே நம்பினார்.

பத்து மாதம் தாண்டியது. யானைக்குத்தான் இவ்வளவு நாள் என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவளும் கேலி செய்தாள், ஆனால் படுத்துக்கொண்டு. ஈறில் ரத்தம் கசிந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. நான் விரலைத் தொட்டால் வளையல் சிணுங்கும், அவள் கண்ணைத் திறக்காமலே நீட்டுவாள். கடைசியாக எடுத்த ஸ்லைடைப் பற்றி எப்படிச் சொல்வேன். கூட்டத்தில் பெரியவர்கள் ஒருவருமில்லை. முதிர்ந்தது, அரைக்காய், எல்லாம் போய்விட்டது. கண்ணுக்கெட்டிய மட்டும் பிஞ்சு, ஒரே அளவு, ஒரே முகம், பெரிய நீல உடம்பும் வெளிறிய கருவும். டாக்டர் துரையின் ஸ்லைடில்கூட அது கிடையாது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது அவள் போய்விட்டிருந்தாள். சன்னாசி அவள் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

அதோடு முடிந்திருக்கும். என்னைப் பிடித்துக்கொடுத்தது மாரியம்மா இல்லை, டாக்டர் துரையும் இல்லை. சன்னாசிதான், அவனுக்கே தெரியாமல். வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளை அப்படியே மண்ணில் வைக்கக் கூடாதாம். உயிர் அலையுமாம். பிள்ளையை எடுத்துப் பிரித்துத்தான் அடக்கம் செய்ய வேண்டுமாம், பிறகு அவள் இறக்காத சுமைக்காக வழியில் சுமைதாங்கிக் கல் நட வேண்டுமாம். எங்கள் வேதத்தில் அந்த வழக்கம் கிடையாது, அண்ணே. அதனால் எனக்குத் தோன்றவே இல்லை. வாயில்லாப் பூச்சி என்றேனே, அவன் ஆஸ்பத்திரி வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு, "எம்புள்ளய எடுத்துக் குடுங்க" என்று கத்தினான். லயமே அவன் பின்னால் வந்து நின்றது. ஆள் அனுப்பி டாக்டர் துரையை வரவழைத்தார்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு, அவள் வயிற்றைத் திறந்து பார்த்தார். நான்தான் பாத்திரம் ஏந்தி நின்றேன். பிள்ளை இல்லை. அவர் மண்ணீரலை எடுத்து இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார், அவ்வளவு பெரிது. பிறகு ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தானே சாயம் போட்டு, தானே பார்த்தார். அதற்கப்புறம் கேட்டார், "அன்றைக்கு நான் பார்த்தது யாருடைய ரத்தம், பெர்னார்ட்?" என்னுடையது என்றேன். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன், அது என் சுபாவம். பிறகு நான் என் பெட்டியில் சேர்த்துவைத்திருந்த அவள் ஸ்லைடுகளைக் கேட்டார், அதையும் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மேசையில் எறிந்தார். கண்ணாடி உடையும் என்று பயந்து, "பார்த்து, துரை, பார்த்து" என்றேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாளே எனக்குத் தெரியும். மருந்து இருந்தது, வேலையும் செய்தது, நிறுத்தினேன். ரத்தத்தை மாற்றிவைத்தேன். இன்னும் ஒன்று இருக்கிறது. முன்னால் சொல்லும்போது கொஞ்சம் ஓரமாக ஒதுக்கிவைத்தேன். அவளாகப் போய் அந்த வாங்கில் உட்காரவில்லை. நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்த அன்று அவள் கேட்டது, "என்னாய்யா கட்டி இது?" என்றுதான். கட்டி என்றுதான் நினைத்திருந்தாள். பிள்ளை என்ற வார்த்தை அவள் வாயில் இல்லை. அதைச் சொன்னது நான். சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷத்தை வேறு யார் கொடுத்தார்கள், சொல்லுங்கள்.

எழுதிவிட்டீர்களா. ஏன் பேனா நிற்கிறது? தண்ணீர் குடியுங்கள்.

ஒரே ஒரு உதவி, அண்ணே. நேற்று சன்னாசி இங்கே வந்தான். அத்தனை தூரத்திலிருந்து ரயிலேறி வந்திருக்கிறான். எனக்குத் திட்டுக் கிடைக்கும் என்று நினைத்தேன். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. டாக்டர் துரை அந்த மண்ணீரலை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் காரில் எடுத்துக்கொண்டு ஈப்போவுக்கு வந்தார் இல்லையா, அதை அவன் வாசலில் நின்று பார்த்திருக்கிறான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டான்:

"ஐயா, தொரை துணியில சுத்தி எடுத்துட்டுப் போனாரே. நீங்க உள்ள இருந்தீங்க. அது ஆம்பளையா, பொம்பளையாய்யா? கல்லுல பேரு வெட்டணும்."

பெண் பிள்ளை என்றேன். நல்ல கனம், அம்மா சாயல் என்றேன். அவன் முகத்தில் அந்தப் பல் வரிசையை மறுபடி பார்த்தேன், அண்ணே, அழுதுகொண்டே சிரித்தான். பேர் நீங்களே சொல்லுங்கள் என்றான், நானே ஒரு பேர் வைத்தேன். சுங்காய் ரோட்டில் கல் நடப்போகிறானாம். நீங்கள் இதையெல்லாம் இங்கிலீஷில் எழுதுங்கள், துரையிடம் படித்துக் காட்டுங்கள், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அவனிடம் மட்டும் போய் உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு மனுஷனுக்கு அப்படிப்பட்ட கொடுமையைச் செய்ய எனக்கு மனசு வராது.